சின்னத் துரைக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கப் போகிறவனுக்கு

அப்பு,

நாளை விடியற்காலம் பொதிமாடுகளோடு நீ போடிமெட்டுக்கு ஏறுகிறாய். நாம் இருவரும் ஒரே வீட்டில் ஒரு சுவர் தள்ளித்தான் இருக்கிறோம். அந்தப் பக்கம் நீ பெட்டி கட்டுகிறாய், இந்தப் பக்கம் நான் எழுதுகிறேன். எழுந்து வந்து இதையெல்லாம் வாயாலேயே சொல்லிவிடலாம். ஆனால் பிள்ளைகளுக்குப் பேசக் கற்றுக்கொடுப்பதையே பெரிய காரியமாக நினைத்து வாழ்ந்தவன் நான். பேச்சினால் என்ன ஆகும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அதனால் எழுதுகிறேன். இதை நீ யாருக்கு வேண்டுமானாலும் வாசித்துக் காட்டலாம். இதில் ரகசியம் ஒன்றும் இல்லை. போடியில் எல்லாருக்கும் தெரிந்த விஷயத்தைத்தான் எழுதப்போகிறேன். தெரியாதவர்கள் நானும் நீயும் மட்டும்தான், நமக்கும் இப்போது தெரிந்துவிட்டது.

நான் ஏன் உனக்கும் இந்த ஊர்ப் பிள்ளைகள் சிலருக்கும் இங்கிலீஷ் பேசச் சொல்லிக்கொடுத்தேன் என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் நான் யோசித்திருப்பேன். நமக்கு வயல் கிடையாது. கீழே வாய்க்கால் பாயும் நிலமெல்லாம் யார் யாருடையது என்பது உனக்குத் தெரியும். தாலுகா கச்சேரியில் நமக்குச் சொந்தக்காரன் ஒருவனும் இல்லை. உன் ஆத்தா ஏலக்காய்க் கிட்டங்கியில் உட்கார்ந்து பச்சைக் காய் வேறு, வெளுத்த காய் வேறு, வெடித்த காய் வேறு என்று பொறுக்குகிறாள். உன் மாமன் மலையில் களை வெட்டுகிறான். நான் சின்னப் பள்ளிக்கூடத்து வாத்தியார். இந்த ஊரில் முன்னுக்கு வந்தவர்களை எல்லாம் ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தேன். ஒன்று நிலம் இருந்தது, இல்லையென்றால் மாமனார் இருந்தார். இரண்டையும் வகுப்பில் வைத்துச் சொல்லிக்கொடுக்க முடியாது. மிச்சம் இருந்தது நாக்கு. அது எல்லாருக்கும் இருக்கிறது, அதற்குத் தீர்வை கிடையாது, யாரும் அளந்து கல் நடவும் முடியாது. ஆகவே நம்மைப் போன்றவர்கள் நாக்கை வைத்துத்தான் மேலே வரவேண்டும் என்ற முடிவுக்கு வந்தேன். இப்படி ஒரு முடிவுக்கு வந்தவனை யாராவது தடுத்திருக்கலாம். தடுக்கிற அளவுக்கு யாருக்கும் அதில் அக்கறை இல்லை.

பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் இல்லாமலா இருந்தது? இருந்தது. காய்ச்சல் காரணமாக வர இயலவில்லை என்று முத்து முத்தாக எழுதுகிற பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களிடமே ‘உன் பெயர் என்ன’ என்று இங்கிலீஷில் வாய்விட்டுக் கேட்டால், கூரையைப் பார்ப்பார்கள், ஜன்னலைப் பார்ப்பார்கள், கடைசியில் தங்கள் காலைப் பார்ப்பார்கள். நான் மட்டும் என்ன யோக்கியம்? தபாலில் புத்தகம் வரவழைத்துப் படித்தவன், அகராதியைத் தலையணை மாதிரி வைத்துக்கொண்டிருந்தவன். அந்தப் பாஷையில் சண்டை, சமாதானம், காதல், கப்பல் எல்லாம் வாசித்திருக்கிறேன். ஆனால் அந்தப் பாஷையில் ஒருவரும் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. இன்ஸ்பெக்டர் வரும்போதுகூடப் பதிவேட்டைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். ஒரு பெரிய பட்டணத்தின் வரைபடத்தை மனப்பாடமாகத் தெரிந்துவைத்திருந்தேன், அந்த ஊருக்குப் போகும் வண்டியைப் பார்த்ததே இல்லை.

அதற்காகத்தான் சவரிமுத்துவைப் பிடித்தேன். மேலே ஒரு துரை பங்களாவில் தலைநரைக்கும் வரைக்கும் பட்லராக இருந்துவிட்டு, முழங்கால் வலி வந்ததும் போடிக்கு இறங்கி வந்தவன். சாயங்காலம் கிட்டங்கி முற்றத்தில் காயப்போட்ட பாய்களைச் சுருட்டிய பிறகு, முதலாளி நமக்கு அந்த இடத்தை விட்டுக்கொடுத்தார். ஆடு வந்தால் விரட்ட வேண்டும் என்பது நிபந்தனை. பொதிமாடு ஓட்டுகிறவர்கள் பிள்ளைகள், சுமை தூக்குகிறவர்கள் பிள்ளைகள், நீ. எல்லாரும் ஏலக்காய் வாசனையோடு வந்து உட்காருவீர்கள். நான் புத்தகத்தில் இருப்பதுபோல் நீண்ட வாக்கியங்களாகச் சொல்லிக்கொடுப்பேன். சவரிமுத்து தூணில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “வாத்தியாரே, தொரை என்னைக்கி இம்புட்டு முழுசாப் பேசுனாரு? பாதிதான் வாயில வரும். மீதி பைப்புலயே போயிரும்” என்பான். பிறகு அவன் பாடம் எடுப்பான். “தொரை என்னா கேட்டாலும் மொதல்ல ‘எஸ் சார்’னு சொல்லிப்புடணும். என்னா கேட்டாருன்னு அப்பறமா யோசிச்சுக்கலாம்.” நீங்கள் எல்லாம் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை என்பது எனக்கு இப்போதுதான் நினைவுக்கு வருகிறது.

மேலே பெரிய துரையின் தோட்டத்தில் ஆபீசுக்கு ஒரு ஆள் வேண்டும் என்று தெரிந்தபோது, நாம் அந்த முற்றத்திலேயே ஒத்திகை நடத்தினோம் அல்லவா, அதை நீ மறந்திருக்க மாட்டாய். நான்தான் துரை. கிட்டங்கிக் கணக்குப்பிள்ளையின் நாற்காலியில் உட்கார்ந்தேன். தொப்பிக்கு ஒரு உடைந்த முறத்தைத் தலையில் வைத்துக்கொண்டேன். நீ வாசலில் இருந்து நடந்து வந்து, நின்று, ‘குட் மார்னிங் சார்’ என்று சொல்லி, நான் கேட்கிற கேள்விக்கெல்லாம் இங்கிலீஷில் பதில் சொல்ல வேண்டும். வயது என்ன, என்ன படித்தாய், தோட்ட வேலைக்கு ஏன் வருகிறாய், மலைக் காய்ச்சலுக்குப் பயப்படுவாயா. நீ அவ்வளவு அழகாகப் பதில் சொன்னாய், என் கேள்விகள்தான் உன் பதில்களுக்கு ஈடாக இல்லை. அந்த நேரம் வேலை முடிந்து வெளியே வந்த உன் ஆத்தா, கூட வந்த பெண்களை நிறுத்தி வைத்துக்கொண்டு பார்த்தாள். “ஏங்க, மொறத்தத் தலையில வச்சுக்கிட்டா நீங்க வெள்ளக்காரன்னா, தெனமும் அத வச்சுப் பொடைக்கிற நாங்க யாரு?” என்றாள். அந்தப் பெண்கள் எல்லாம் போடித் தெருவெல்லாம் கேட்கிற மாதிரிச் சிரித்தார்கள். நான் முறத்தை எடுக்கவில்லை. ஒத்திகை என்றால் ஒத்திகை.

வேலை கேட்டு நாம் மலை ஏறிய நாளும் நினைவிருக்கிறது. மூடுபனியில் முன்னால் போகும் மாட்டின் மணிச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டே நடந்தோம். அட்டை கடித்த இடத்தில் சுண்ணாம்பு தடவிக்கொண்டு, நீ வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வந்தாய். சாமி பேர் சொல்கிறாய் என்று மாட்டுக்காரர் நினைத்தார். பங்களாப் படிக்குக் கீழே செருப்பைக் கழற்றிவிட்டு வேலைக்கு வந்தவர்கள் வரிசையாக நின்றீர்கள். நான் தள்ளி, சவுக்கு மரத்தடியில் நின்றேன். மேலே பிரம்பு நாற்காலியில் துரை. பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு, தோட்டத்துக் கணக்கெல்லாம் எழுதுகிற பெரிய ரைட்டர். உன் முறை வந்தது. நீ முன்னால் போய், சொல்லிக்கொடுத்தபடியே சொன்னாய். துரை பைப்பை வாயிலிருந்து எடுத்தார். சுத்தமான போடித் தமிழில் கேட்டார். “நீ யாரு மவன்?”

நாம் எல்லாவற்றையும் ஒத்திகை பார்த்திருந்தோம், இதை மட்டும் பார்க்கவில்லை. களை வெட்டுகிறவனிடமும் சுமைக்காரனிடமும் துரைகள் தமிழ் பேசுவார்கள் என்பது தெரியும். இங்கிலீஷில் எழுதவேண்டிய உத்தியோகத்துக்கு வந்தவனிடம் இங்கிலீஷில்தான் கேட்பார் என்பதில் எனக்குக் கடுகளவும் சந்தேகம் இருக்கவில்லை. நான் என்ன செய்ய, நான் படித்த புத்தகங்களில் எல்லாம் இங்கிலீஷ்காரர்கள் இங்கிலீஷே பேசினார்கள். உனக்கு முன்னால் நின்றவன் பெரிய ரைட்டரின் அக்கா மகன். அவன் “இன்னார் மவனுங்க தொரை” என்று கும்பிட்டுவிட்டு ஒதுங்கியிருந்தான். நீ பழக்கிய மாடு மாதிரி பழகிய தடத்திலேயே போனாய். என் பெயரையும் என் தொழிலையும் இங்கிலீஷில் சொன்னாய்.

“தமிழ் தெரியாதா ஒனக்கு?”

தெரியும் என்று இங்கிலீஷில் சொன்னாய். கூட நின்றவர்கள் வாய்க்குள் சிரித்தார்கள்.

“அப்பறம் என்னா? பேசு.”

நீ ஒரு கணம் என்னைத் திரும்பிப் பார்த்தாய். நான் தலையை ஆட்டினேன். எதற்கு ஆட்டினேன் என்று எனக்கே தெரியாது, தமிழில் பேசு என்றா, இங்கிலீஷை விடாதே என்றா. நீ இரண்டாவது என்று எடுத்துக்கொண்டாய். ‘ஆபீஸ் வேலை இங்கிலீஷில் என்பதால் என் இங்கிலீஷைத் துரை கேட்டுப் பார்ப்பது நல்லது என்று நினைத்தேன்’ என்று, மிகவும் மரியாதையாக, ஒரு பிசகும் இல்லாமல், நீண்ட வாக்கியமாகச் சொன்னாய். முற்றத்தில் அவ்வளவு நன்றாக நீ சொன்னதில்லை. துரை உன்னைவிட்டு ரைட்டர் பக்கம் திரும்பினார். கோபமே இல்லாமல், சாப்பாட்டில் உப்பு அதிகம் என்று சொல்கிற மாதிரி, தம்முடைய பாஷையில் சொன்னார்: இவன் வேண்டாம். நாங்கள் மேசையில் உட்கார்ந்து பேசுவது எல்லாம் இவனுக்குப் புரிந்துவிடும். எங்களுக்கென்று ஒரு பாஷையாவது மிச்சம் இருக்க வேண்டாமா?

அப்பு, அன்று ராத்திரி நீ சாப்பிடவில்லை. நான் ஒன்றும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். ஒரு இங்கிலீஷ்காரர் மெதுவாக்காமல், சுருக்காமல், இன்னொருவரிடம் இயல்பாகப் பேசிய இங்கிலீஷ் ஒரு வார்த்தை தப்பாமல் நமக்குப் புரிந்தது அதுதான் முதல் தடவை. படிக்குக் கீழே நின்ற உனக்கும் புரிந்தது. மரத்தடியில் நின்ற எனக்கும் புரிந்தது. இத்தனை காலம் நடந்த வகுப்புக்கு இதைவிட நல்ல பரீட்சை யாரும் வைத்திருக்க முடியாது. நாம் இருவரும் அதில் முதல் வகுப்பில் தேறினோம். வேலை ரைட்டரின் அக்கா மகனுக்குப் போயிற்று. அவன் நல்ல பையன். இன்றுவரை இங்கிலீஷில் வாய் திறந்ததில்லை.

இறங்கி வந்ததும் சவரிமுத்துவிடம் போய்ச் சொன்னேன். அவன் ஆச்சரியப்படவே இல்லை. “எனக்கு இங்கிலீசு தெரியும்னு நான் இருந்தமட்டும் தொரைசானிக்குத் தெரியாது வாத்தியாரே. தெரிஞ்சிருந்தா மறுநாளே மலைய விட்டு எறக்கியிருப்பாக” என்றான். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. “இதை ஏன்யா முன்னாலேயே சொல்லவில்லை?” என்று கேட்டேன். அவன் முழங்காலைத் தேய்த்துக்கொண்டே, “நீங்க இங்கிலீசு பேசச் சொல்லிக்குடுன்னுதான கேட்டீக. பேசாம இருக்கச் சொல்லிக்குடுன்னு கேக்கலையே” என்றான். அதற்குப் பிறகும் வகுப்பு சில மாதம் நடந்தது. பிள்ளைகள் ஒருவர் ஒருவராக நின்றுகொண்டார்கள், கடைசியில் ஆடுகள் மட்டும் தவறாமல் வந்தன. உன்னோடு படித்தவர்களில் வேலாயுதம் இப்போது தேவாரம் ஊர்ப்பக்கம் வயல் காவலுக்கு இருக்கிறான். பரணில் உட்கார்ந்து யானை விரட்டுகிறான். போன மாதம் சந்தையில் பார்த்தபோது, “தமிழ்ல கத்துனா அதுபாட்டுக்குத் தின்னுக்கிட்டே நிக்கிது சார். ‘கெட் அவுட்’னு சத்தம் போட்டா வெரசா திரும்பிருது” என்றான். அவன் கேலி செய்தானா என்று எனக்குத் தெரியவில்லை. நம் வகுப்பில் தேறியவர்கள் பேசிய இங்கிலீஷை, பதிலுக்குத் தமிழில் அதட்டாமல் கேட்டுக்கொண்ட முதல் ஜீவன் அந்த யானைதான் என்று வைத்துக்கொண்டேன்.

நீயும் கிட்டங்கியில் மூட்டை தைக்கப் போனாய். அந்தக் கதை அதோடு முடிந்தது என்று நினைத்து நான் நிம்மதியாக இருந்தேன். நம்பிக்கை போய்விட்டால் மனுஷனுக்கு நல்ல தூக்கம் வரும். அந்தத் தூக்கத்தைக் கெடுக்கத்தான் போன வாரம் பெரிய ரைட்டர் நம் வீட்டு வாசலுக்கு வந்தார். அன்றைக்குத் துரை பக்கத்தில் நின்ற அதே ரைட்டர். உட்கார்ந்தார், மோர் குடித்தார், “வாத்தியாரே, ஒங்க மவன் இங்கிலீசு ரொம்ப நல்லாப் பேசுவானாமே?” என்றார். யாரோ எங்கேயோ சொல்லிக் கேள்விப்பட்டவர் மாதிரி. சீமையிலிருந்து ஒரு சின்னத் துரை புதிதாக வந்திருக்கிறார், அவர் தமிழ்ப் பரீட்சை தேறினால்தான் தோட்டத்தில் மேலே வர முடியும், அவருக்குத் தமிழை இங்கிலீஷில் எடுத்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டும், பெரிய துரையே உன்னை ஞாபகம் வைத்துச் சொல்லியனுப்பினார் என்றார். ஞாபகம் வைத்திருந்தாராம். வேண்டாம் என்று தள்ளிவைத்த சாமானையும் எங்கே வைத்தோம் என்று மறக்காமல் இருப்பதுதான் பெரிய மனுஷத்தனம்.

நீ அப்போது உள்ளே இருந்தாய். கேட்டுக்கொண்டுதான் இருந்திருப்பாய், ஆனாலும் எழுதி வைக்கிறேன். உன் ஆத்தா அடுப்படியிலிருந்து, “அன்னைக்கி வேண்டாம்னாகளே ரைட்டரய்யா?” என்றாள்.

“அது ஆபீசுக்கு வேண்டாம்னாரு தாயி. இது வேற சோலி.”

“மேசையில பேசுறது இவனுக்குப் புரிஞ்சிரும்னாகளே. இப்பப் புரியாதா?”

“தொரைக ரெண்டு பேரும் பேசிக்கிட்டா இவன் எந்திரிச்சுப் பின்கட்டுக்குப் போயிரணும். அதையும் சொல்லித்தான் அனுப்புனாக.”

“அப்ப வாய்க்குத்தான் சோலி. காதுக்குக் கெடையாது” என்றாள் அவள்.

ரைட்டர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவர் காதுக்கும் நெடுநாளாக அங்கே வேலை கிடையாது. என்னென்ன பாடம் என்று நான் கேட்டேன், வாத்தியார் புத்தி. அவர் விரல் மடக்கிச் சொல்லிக்கொண்டு போனார். காலையில் ஆள் கூப்பிட ஒரு பாடம். களை வெட்டச் சொல்ல, சுமை தூக்கச் சொல்ல, வெரசாப் பண்ணச் சொல்ல. கங்காணியைக் கண்டிக்க ஒரு பாடம், ஆளைக் கண்டிக்க வேறொரு பாடம். காய்ச்சல் என்று சொல்கிறவன் பொய் சொல்கிறானா என்று விசாரிக்க ஒன்று. “இம்புட்டுப் போதும். பெரிய தொரை இத வச்சுத்தான் இத்தன வருசம் தோட்டத்த ஓட்டுறாரு” என்றார். உண்மைதான். அன்றைக்குப் பெரிய துரை உன்னிடம் பேசிய தமிழிலும் இதற்கு மேல் ஒன்றும் இருக்கவில்லை.

அவர் போன பிறகு உன் ஆத்தா உன்னிடம் ஒன்று கேட்டாள். அவள் தம்பி அந்தத் தோட்டத்தில்தானே களை வெட்டுகிறான். “ஏலே, ஒன் மாமனையும் அந்தச் சின்னத் தொரை வாடா போடாம்பானே. நீ சொல்லிக்குடுத்தா சொல்லணும்?” என்றாள். நீ மூட்டை ஊசியைக் கூரையில் செருகிவிட்டு வந்து உட்கார்ந்தாய். “இப்பவும் அப்படித்தான் சொல்றான் ஆத்தா, தப்புத் தப்பா. இனிமே திருத்தமாச் சொல்லுவான்” என்றாய். பிறகு என் பக்கம் திரும்பாமலே, “போறேன் அய்யா” என்றாய். உன் ஆத்தா எழுந்து போய்விட்டாள். நான் உன்னைத் தடுக்கவில்லை. மூட்டை தைக்கிற ஊசிக்கு உன் விரல்கள் எப்படி ஆகிவிட்டன என்று எனக்குத் தெரியும். தடுத்துவிட்டு உனக்கு வேறு எதைக் காட்டுவேன்? தேவாரத்தில் இன்னொரு பரண் காலியாக இருக்கிறதாம்.

உனக்கு நம்பிக்கை தருகிற மாதிரி ஏதாவது எழுத வேண்டும் என்றுதான் காகிதத்தை எடுத்தேன். வரவில்லை. நாக்கு எல்லாருக்கும் இருக்கிறது, அதனால் நம்மவர்கள் அதை வைத்து மேலே வந்துவிடலாம் என்று நான் போட்ட கணக்கு, நாக்கு மட்டும் இருந்தால் போதும் என்கிற கணக்கு. எதிரே கேட்கிற காது ஒன்று வேண்டும் என்பதை அதில் சேர்க்க விட்டுப்போயிற்று. இப்போது யோசித்துப் பார்க்கிறேன். நம் முற்றத்தில் நாங்கள் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்த இங்கிலீஷ் முழுவதும் பதில். எஸ் சார், நோ சார், இன்ன வயது சார், இன்னார் மகன் சார். ஒரு கேள்விகூட உங்களுக்கு நாங்கள் சொல்லிக்கொடுக்கவில்லை, துரையிடம் கேட்க நமக்கு என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டோம். மேலே அவர்கள் கற்றுக்கொள்கிற தமிழ் முழுவதும் உத்தரவு. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு தோட்டம் கச்சிதமாக நடக்கும். இரண்டு மனுஷர்கள் பேசிக்கொள்ள மட்டும் அதில் இடம் கிடையாது. இதை மாற்றிவிட்டு வா என்று உன்னை நான் அனுப்பவில்லை. அப்படி அனுப்புகிற தகப்பன்மார் புத்தகங்களில் இருக்கிறார்கள், அவர்களுக்கு நிலமும் இருக்கிறது.

புத்திமதி என்று இரண்டு சொல்கிறேன். முதலாவது, மெதுவாகச் சொல்லிக்கொடு. சின்னத் துரை பரீட்சை தேறின மறுநாள் நீ மலை இறங்க வேண்டியதுதான். தேறின பிள்ளையைத் திரும்ப உன்னிடம் அனுப்ப மாட்டார்கள். நீ எவ்வளவு கெட்டிக்கார வாத்தியாரோ அவ்வளவு சீக்கிரம் மூட்டை ஊசிக்குத் திரும்பி வருவாய். அவருக்கு ‘ழ’ வரவில்லை என்றால் வருத்தப்படாதே, அதில் உனக்கு ஒரு மழைக்காலம் கழியும். நானும் ஆயுசு முழுக்க மெதுவாகத்தான் சொல்லிக்கொடுத்தேன், எனக்கு யாரும் அதற்காகத் தனியாகச் சம்பளம் கொடுத்ததில்லை. பின்கட்டுக்குப் போகச் சொன்னால் உடனே போய்விடு. போகும்போது காதில் விழுவதை மறந்துவிடு. மறக்க முடியவில்லை என்றால், எனக்கு எழுதாதே. நானும் அந்தப் பாஷை தெரிந்தவன், எனக்கும் தூக்கம் போய்விடும்.

இரண்டாவது. ரைட்டர் சொன்ன பாடங்களுக்கு நடுவில் எங்கேயாவது ஒரு கேள்வியைச் சேர்த்துவிடு. நம் ஊரில் ஒருவரை ஒருவர் பார்த்தால் முதலில் கேட்பது. ‘சாப்பிட்டாச்சா?’ அவ்வளவுதான். இது பரீட்சைக்கு அவசியம் என்று சொல், சின்ன வயசு, நம்பிவிடுவார். காலையில் ஆள் கூப்பிடும்போது இதையும் கேட்க வேண்டும், இங்கே அதுதான் வழக்கம் என்று சொல். அவர் அதை மனப்பாடம் பண்ணிக்கொண்டு, ஒருநாள் காலையில் பனிக்குள் வரிசையாக நிற்கிற ஆட்களில் யாராவது ஒருவனிடம் கேட்டுவைப்பார். அது உன் மாமனாகவும் இருக்கலாம்.

எனக்கு அங்கேதான் பயம். உன் மாமனை எனக்குத் தெரியும். அவன் அந்த மலையில் துரை வாயிலிருந்து இத்தனை வருஷமாகக் கேட்டதெல்லாம் வேறு. துரை அவனைப் பார்த்துத் தனியாக ஒரு கேள்வி கேட்டால், என்ன கேட்டார் என்பது அவன் காதுக்குப் போவதற்கு முன்னாலேயே கை மண்வெட்டியைக் கீழே வைத்துவிடும். தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, “நான் இல்லீங்க தொரை” என்பான். சின்னத் துரைக்கு அது விளங்காது. உன்னைத்தான் திரும்பிப் பார்ப்பார். நீ சொல்லிக்கொடுத்தது தப்பு என்று நினைத்துக்கொள்வார், அப்புறம் அந்தக் கேள்வியைக் கேட்கவே மாட்டார்.

ஆகையால் மேலே போய்ப் பெட்டியை இறக்கினதும், பங்களாவுக்குப் போகிறதற்கு முன்னால் தோட்டத்து ஆட்கள் குடியிருக்கிற லயத்துக்குப் போ. மாமனைப் பார். உன் ஆத்தா கொடுத்தனுப்புகிற புளியையும் கருவாட்டையும் அவன் கையில் கொடு. பிறகு அவனை உட்காரவைத்துச் சொல். ஒருநாள் துரை உன்னிடம் இப்படிக் கேட்பார், கோபத்தில் கேட்கிறதில்லை, நீ எதையோ எடுத்துத் தின்றுவிட்டாய் என்று கேட்கிறதில்லை, சும்மாதான் கேட்பார். அதற்குப் பதில் ‘ஆச்சுங்க’ என்பது. அவன் சிரிப்பான், உனக்குப் பைத்தியமா என்பான். விடாதே. நீ நாற்காலியில் துரையாக உட்கார், நாற்காலி இல்லாவிட்டால் உரல் போதும். தலையில் ஏதாவது வைத்துக்கொள். ஒருதரம் கேட்டு, அவன் சொல்லி, மறுபடி கேட்டு, அவன் பயப்படாமல் சொல்லுகிறவரைக்கும் ஒத்திகை பார்த்துவிடு. வாத்தியார் மகன் நீ, எல்லாவற்றையும் ஒத்திகை பார்த்துக்கொண்டு போவதுதான் நம் வழக்கம். இந்தத் தடவை தமிழில்.

உன் ஆத்தா பெட்டியைத் திறந்து சுண்ணாம்பு டப்பி வைத்திருக்கிறாயா என்று கேட்கிறாள். நீ பதில் சொல்லாமல் இருக்கிறாய். அவளுக்குப் பதில் சொல்லு, அப்பு.

உன் அய்யா